துடைக்கக் கூடாத குறுவாள்

வெண்கலக் குறுவாள் ஒன்றை வார்ப்பது எப்படி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரிந்தால்தான் வைரக்கண்ணுவுக்கு நேர்ந்தது என்னவென்று விளங்கும். அரசு அலுவலகம் ஒன்று வேலை செய்யும் விதத்தைப் பிறகு பார்க்கலாம். இரண்டில் குறுவாள்தான் எளிது.

ஒன்பது பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். இரண்டையும் உருக்கி, இரு பாதிகளாகச் செய்து சேர்த்துக் கட்டிய அச்சுக்குள் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். அலகும் பிடியும் ஒன்றாகவே வந்து விழும். பிடியின் இரண்டு ஓரமும் வரப்பு மாதிரி உயர்ந்திருக்கும். நடுவில் மரத்தைப் பதித்துக்கொண்டால் கைக்கு வாகாக இருக்கும். பாரசீகத்தின் மேற்கு மலைகளில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒருவன் இப்படி ஒரு குறுவாளை வார்த்தான். மரம் மக்கிப் போனது. வெண்கலம் மண்ணுக்குள் கிடந்து பச்சைக் களிம்பு பூத்தது. அந்தக் களிம்பை அழுக்கு என்று நினைக்கக் கூடாது. அது ஒரு தோல். உள்ளே இருக்கும் உலோகத்தை மேற்கொண்டு அரிக்க விடாமல் காப்பதும் அதுதான், பொருளின் வயதைச் சொல்வதும் அதுதான்.

அந்தக் குறுவாள் பல கை மாறி, ஐரோப்பாவில் யாரோ ஒரு பிரபுவின் அலமாரியில் நெடுங்காலம் இருந்து, ஏலத்துக்கு வந்து, சுங்கத்துறை முத்திரையுடன் அரியலூர் மாவட்டம் ஆலத்தியூருக்கு வந்து சேர்ந்தது. வாங்கியவர் வைரக்கண்ணு. சிமெண்ட் ஆலையில் முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் அதே மலைகளைச் சேர்ந்த அம்பு முனைகள் ஆறும் ஒரு கோடாரித் தலையும் இருந்தன. ஆனால் உயிர் குறுவாளின் மேல்தான். காரணம், அலகு பிடியோடு சேரும் இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு ஒட்டு.

வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத்தான் காட்டுவார்.

"இங்க பாருங்க, களிம்பு மத்த எடத்துல ஒரு பச்சை, இங்க மட்டும் வேற பச்சை. ஏன்? ஊத்தறப்ப இந்த எடத்துக்கு உலோகம் ஓடல. பள்ளம் விழுந்துடுச்சு. அப்புறமா கொஞ்சம் உருக்கி மேல ஊத்தி அடைச்சு, தேய்ச்சு, சரியாத்தான் இருக்குன்னு குடுத்துட்டான். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தன் சூப்பர்வைசர் கண்ணுல மண்ணைத் தூவியிருக்கான் பாருங்க!"

சொல்லும்போது அவர் முகத்தில், பழைய சக தொழிலாளி ஒருவனைப் பேருந்தில் பார்த்துவிட்ட சந்தோஷம் இருக்கும்.

"இவ்ளோ தூரம் எதுக்குங்க? கொல்லையில நம்ம பழைய அரிவா கெடக்கு. அதுலயும் ஒட்டு இருக்கு" என்பார் அவர் மனைவி ரத்தினம்மாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் செய்தித்தாளில் ஒரு அறிவிப்பு வந்தது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஆயுதங்களை வைத்திருப்போர் முப்பது நாட்களுக்குள் பெரம்பலூரில் உள்ள பழம்படைக்கலப் பதிவு மற்றும் பராமரிப்புத் தனி அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

ஆலையில் பெர்மிட் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற முடியாது. பெர்மிட் போட்டு வேலை செய்தவன் பத்து விரலோடு வீடு திரும்புவான். முப்பத்திரண்டு வருடம் அப்படி வீடு திரும்பிய வைரக்கண்ணு அன்றே சட்டையை மாட்டினார்.

"யாரும் வந்து கேக்கலியே. நீங்களா போயி ஏன் தலையைக் குடுக்குறீங்க?"

"பேப்பர்ல போட்டிருக்கான் ரத்தினம்."

"பேப்பர்ல ராசிபலன்கூடத்தான் போடுறான்."

குன்னம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து அவர் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தார்.

அந்த அலுவலகத்தின் அமைப்பை இங்கே விளக்க வேண்டும். பெரம்பலூரும் அரியலூரும் இரு மாவட்டங்களாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்தபோது எல்லா அலுவலகங்களும் இரண்டாகப் பிரிந்தன. இதை மட்டும் பிரிக்க மறந்துவிட்டார்கள். அதனால் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு தனி அலுவலர், ஒரு கண்காணிப்பாளர், ஒரு உதவியாளர், ஒரு இரும்பு பீரோ. தனி அலுவலர் அறிவரசன், வைரக்கண்ணுவை எழுந்து நின்று வரவேற்றார்.

"உக்காருங்க, உக்காருங்க. இந்த ஆபீஸ் பத்தி வெளியில யாருக்கும் தெரியறதில்ல. பதினாறு வருஷமா இங்க ஒரு ஆயுதம்கூடத் தொலைஞ்சது கிடையாது. எந்த டிபார்ட்மெண்ட் இப்படிச் சொல்ல முடியும்?"

"இதுவரைக்கும் எத்தனை பதிவாயிருக்குங்க சார்?"

"உங்களுதுதான் முதல்" என்றார் அறிவரசன், அதே பெருமை குறையாமல்.

கண்காணிப்பாளர் அனுசுயா ஒரு படிவத்தை நீட்டினார். அது முதலில் துப்பாக்கிக்காகத் தயாரிக்கப்பட்ட படிவம். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா நிரப்பலாம் என்ற இடத்தில் வைரக்கண்ணு 'இல்லை' என்று எழுதினார். ஏழாவது கேள்வியில் பேனா நின்றது. தயாரிப்பாளர் பெயர், முகவரி. உயிருடன் இல்லையெனில் இறப்புச் சான்று, வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம்.

"அம்மா, செஞ்சவன் செத்து மூவாயிரம் வருஷம் ஆச்சுங்களே."

"இருக்கலாங்க. நான் இல்லங்கல" என்றார் அனுசுயா. அவர் நல்ல பெண்மணி. எந்த மனுவையும் படிக்காமல் திருப்பி அனுப்ப மாட்டார். படித்துவிட்டுத்தான் திருப்பி அனுப்புவார். "ஆனா செத்துட்டாருன்னு நாமளா எப்படிங்க எழுதறது? நாளைக்கு அவர் வந்து நின்னா?"

இதற்கு விதியில் வழி இருந்தது. சான்று கிடைக்காத பட்சத்தில், வாரிசுகள் யாரேனும் இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் நேரில் ஆஜராகும்படி உள்ளூர்ப் பதிப்பில் விளம்பரம் கொடுக்கலாம். விளம்பரம் வந்தது. பதினாறாம் நாள், பாரசீகத்திலிருந்து ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை என்று கோப்பில் குறிக்கப்பட்டது.

அடுத்து, பொருட்களை ஆய்வுக்காக அலுவலகக் காவலில் ஒப்படைக்க வேண்டும். பஞ்சு வைத்த மரப்பெட்டியில் எட்டையும் வைரக்கண்ணு கொண்டுபோனார். பெட்டியின் மேல், "துடைக்கக் கூடாது. தண்ணீர் படக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். ஆலையில் ஓடும் இயந்திரத்தின் மேல் தொங்கவிடும் எச்சரிக்கைப் பலகையின் அதே எழுத்து.

அனுசுயா அதைப் பார்த்துத் தயங்கினார்.

"இதை நீங்களா ஒட்ட முடியாதுங்க. காவல்ல இருக்குற பொருளுக்கு உத்தரவு போடற அதிகாரம் ஆபீசுக்குத்தான். துடைக்கக் கூடாதுன்னு ஒரு மனு குடுங்க. மேல அனுப்பிப் பர்மிஷன் வாங்கிடறேன்."

"துடைக்காம இருக்கறதுக்கா பர்மிஷன்?"

"ஆமாங்க. ஒரு வேலையைச் செய்யறதுக்கு விதி இருக்கு. செய்யாம இருக்கறதுக்குத்தான் தனியா உத்தரவு வேணும்."

வைரக்கண்ணு மனு எழுதினார். களிம்பு என்பது என்ன, அது போனால் என்னவெல்லாம் போகும் என்று நான்கு பக்கம். அனுசுயா முழுவதும் படித்தார். "எனக்கே தெரியாதுங்க இதெல்லாம்" என்று சொல்லி, மனுவைக் கோப்பில் சேர்த்து, பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் பதமாகக் கிழித்தெடுத்து மனுவோடு இணைத்தார். கோப்பு சென்னைக்குப் போனது.

புரட்டாசி பிறந்தது. கோப்பு வரவில்லை. வைரக்கண்ணு வாரம் ஒருமுறை போய் வந்தார். ஒவ்வொரு முறையும் பீரோவைத் திறந்து பெட்டியைத் தூரத்திலிருந்து காட்டினார்கள்.

ஆயுத பூஜைக்கு அவருக்கு அழைப்பு வந்தது. முதலில் பதிவு செய்தவர் என்ற முறையில் முன்வரிசை நாற்காலி.

அவர் உள்ளே நுழைந்தபோது மேசை மேல் வாழையிலை விரித்திருந்தது. கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர், தேதி முத்திரை, பஞ்சிங் மெஷின், ஜீப் சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பக்கத்தில் பொரி, கடலை, பூசணிக்காய். நடுநாயகமாக, புதிதாக வாங்கி வந்த குத்துவிளக்கு மாதிரி ஏதோ ஒன்று மஞ்சளாக மின்னியது. அதற்கு மூன்று குங்குமப் பொட்டு.

வைரக்கண்ணு கிட்டப் போய்க் கையில் எடுத்துப் பார்த்தார். அவருடைய குறுவாள்.

உதவியாளர் ராஜவேல் ஓடி வந்தார். விரல்களெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தன.

"எவ்ளோ களிம்புங்க சார்! ரெண்டு நாளு புளியில ஊறப் போட்டேன். அப்பவும் போவல. அப்புறம் செங்கத்தூளு, எலுமிச்சம்பழம், கடைசியில பாத்திரம் தேய்க்கிற கம்பி. எங்க வூட்டுப் பாத்திரத்தைக்கூட இப்படித் தேய்ச்சதில்ல. நம்ம ஆபீசுக்கு வந்த மொத ஆயுதம்ல! பாருங்க, மூஞ்சி தெரியுது."

தெரிந்தது. வைரக்கண்ணுவின் முகம் அலகில் நீளமாகத் தெரிந்தது. அவர் ஒட்டு இருந்த இடத்தைக் கட்டை விரலால் தேடினார். எல்லாம் ஒரே மஞ்சள். மூவாயிரம் வருடம் எந்த சூப்பர்வைசரிடமும் அகப்படாதவன், தன்னை அடையாளம் காட்டிய ஒரே பச்சையும் போய், கடைசியாகத் தப்பித்துவிட்டான்.

"துடைக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருந்தேனேப்பா."

"பொட்டியில ஒண்ணும் ஒட்டலீங்களே சார்" என்றார் ராஜவேல். அது உண்மை.

அனுசுயா மெல்ல விளக்கினார். துடைக்கக் கூடாது என்ற உத்தரவு இன்னும் வரவில்லை. வராதவரைக்கும் நடைமுறையில் இருப்பது பழைய சுற்றறிக்கை. காவலில் உள்ள ஆயுதங்கள் அனைத்தும் ஆயுத பூஜைக்கு முன் துலக்கப்பட வேண்டும். பதினாறு வருடமாக அதை நிறைவேற்ற வாய்ப்பே கிடைக்கவில்லை.

கற்பூரம் காட்டிய பிறகு அறிவரசன் பேசினார்.

"மூவாயிரம் வருஷமா எத்தனையோ ராஜாக்கள், பிரபுக்கள் இந்த ஆயுதத்தை வச்சிருந்திருக்காங்க. ஒருத்தருக்காவது இதைச் சுத்தம் பண்ணணும்னு தோணுச்சா? தோணல! நம்ம ராஜவேலுக்குத் தோணுச்சு. மூவாயிரம் வருஷத்து அழுக்கை மூணே நாள்ல எடுத்திருக்கோம். பழமையைப் பாதுகாக்கறதுன்னா என்ன? பழசு மாதிரி தெரியாம பாத்துக்கறதுதான்!"

கை தட்டினார்கள். வைரக்கண்ணு கையிலும் யாரோ ஒரு பொரிப் பொட்டலத்தை வைத்தார்கள்.

பூஜை முடிந்து இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் ரத்தினம்மாளே ஆரம்பித்தார். "போனது போச்சு. பொருளையாவது கொண்டாங்க. அடுத்த வருஷம் மறுபடி தேய்ச்சான்னா ஊசிதான் மிஞ்சும்."

அது நியாயமாகப் பட்டது. ஆனால் அவர் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தபோது ஆய்வு முடிந்திருந்தது. ஆய்வு செய்தவர் அறிவரசன். பழம்பொருளுக்கு முதல் அடையாளம் களிம்பு என்று, அலுவலகத்தில் எடுத்து வைத்திருந்த வைரக்கண்ணுவின் மனு நகலிலேயே நான்கு பக்கம் எழுதியிருந்தது. அறிவரசன் அதை வரிக்கு வரி அடிக்கோடிட்டுப் படித்துவிட்டுப் பொருளைப் பார்த்தார். களிம்பு இல்லை.

"அப்ப இது பழசு இல்லன்னுதானே அர்த்தம், மிஸ்டர் வைரக்கண்ணு? நீங்க எழுதினதுதான், நான் சொல்லல."

"சார், உங்க ஆபீஸ்தானே தேய்ச்சுது?"

"எங்க ஆபீஸ் அழுக்கைத்தான் தேய்ச்சுது. களிம்பை எடுத்தோம்னு ரெக்கார்டுல எங்கயும் இல்ல." அவர் ஒரு தாளைப் புரட்டினார். "புது ஆயுதம். தயாரிப்பாளரோட வாரிசு யாராவது இருந்தா வாங்கன்னு விளம்பரம் குடுத்தும் யாரும் வரல. நீங்க ஃபிட்டர். உங்க வூட்டுல லேத் இருக்கா?"

"சின்னதா ஒண்ணு இருக்குங்க..."

"அதான். உரிமம் இல்லாம ஆயுதம் தயாரிச்சதுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். வருத்தப்படாதீங்க. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க."

வெளியே வந்த வைரக்கண்ணுவை அனுசுயா படிக்கட்டில் பிடித்தார். சுற்றிப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

"நான் சொன்னேன்னு வேணாங்க. வீட்டு உபயோகத்துக்கு, விவசாயத்துக்கு வச்சிருக்குற கத்தி, அரிவாளெல்லாம் ஆயுதத்துல சேராது. இது வெங்காயம் நறுக்குற கத்தின்னு ஒரு உறுதிமொழி எழுதிக் குடுங்க. நோட்டீஸும் போயிடும், பொருளும் கைக்கு வந்துடும்."

"நான் பொய் எழுதணுமா அம்மா? இது பாரசீகத்துக் குறுவாளுங்க."

"குறுவாள்னா பீரோவுல இருக்கும். வருஷா வருஷம் பூஜை. புளி நாங்களே வாங்கிடுவோம்."

வைரக்கண்ணு ராஜவேலின் விரல்களை நினைத்துப் பார்த்தார். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்து எழுதினார். 'மேற்படி கத்தி என் வீட்டில் சின்ன வெங்காயம் நறுக்கப் பயன்படுவது.' ஊரெல்லாம் சின்ன வெங்காயம் விளையும் பெரம்பலூர்ப் பக்கத்தில் இதைவிட நம்பத் தகுந்த வாக்கியம் வேறு கிடையாது. கோடாரித் தலை விறகுக்கு என்றானது. அம்பு முனைகளைத் தேங்காய் நெம்ப என்று அனுசுயாவே எழுதிக் கொடுத்தார்.

உறுதிமொழியின் உண்மைத்தன்மையை நேரில் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அறிவரசனும் அனுசுயாவும் ராஜவேலும் பெட்டியோடு ஜீப்பில் ஆலத்தியூர் வந்தார்கள். சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ரத்தினம்மாள் ஒரு தட்டில் வெங்காயத்தையும், ஊறுகாய்க்காக உப்பையும் வைத்துக்கொண்டு குறுவாளைக் கையில் எடுத்தார்.

வெண்கல அலகு மழுங்கினால் எதையும் வெட்டாது, அழுத்தும். முதல் வெங்காயம் நழுவி அறிவரசனின் செருப்பில் போய் மோதியது.

"நறுக்கலீங்க, நசுக்குது" என்றார் ரத்தினம்மாள்.

"தினமும் இதுலதான் நறுக்குறீங்களாம்மா?"

ரத்தினம்மாள் கணவரைப் பார்த்தார். அவர் உள்ளே வந்ததிலிருந்து குறுவாளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"ஆமாங்க. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இதேதான். வேற நல்ல கத்தி வாங்கித் தரச் சொன்னா இந்த மனுஷன் கேக்க மாட்டேங்குறாரு. நீங்களாவது சொல்லுங்க."

அறிவரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது வெங்காயத்தால் வந்தது. பயன்பாடு திருப்திகரம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். குறுவாள் வீட்டில், சமையலறை ஜன்னலில், கழுவாமலே தங்கியது.

உப்பும் வெங்காயச் சாறும் பட்ட வெண்கலத்தைக் கழுவாமல் வைத்தால் என்ன ஆகும்? முதலில் மங்கும், பிறகு பழுப்பேறும். எங்கே வார்ப்பு நுண்ணிய துளைகளோடு இருக்கிறதோ அங்கே ஈரம் முதலில் இறங்கும். அவசரமாக மறுபடி ஊற்றிய இடம் அப்படித்தான் இருக்கும். தை மாதத்தில் ஒரு காலை, அலகு பிடியோடு சேரும் இடத்தில் கடுகளவு பச்சைப் புள்ளி ஒன்றை வைரக்கண்ணு பார்த்தார்.

"ரத்தினம்! ஒட்டு தெரியுது! வந்துட்டான்!"

"யாரு?"

"அவன்தான்!"

அந்த வாரமே சென்னையிலிருந்து உத்தரவும் வந்தது. மனுவில் கண்டபடி, மேற்படி பொருளைத் துடைக்கக் கூடாது என ஆணையிடப்படுகிறது. இவ்வாணை மனு அளித்த தேதியிலிருந்து செல்லும். எனவே மனு அளித்த நாள் முதல் இந்நாள் வரை மேற்படி பொருள் துடைக்கப்படவில்லை எனக் கருதப்பட வேண்டும்.

வைரக்கண்ணு அதை இரண்டு தடவை படித்தார். ரத்தினம்மாள் ஒரே தடவையில் புரிந்துகொண்டார். "அப்ப அது பச்சையாத்தான் இருக்கு."

"ஆமா. முழுசும்."

உத்தரவு நிறைவேறியதா என்று பார்க்க மறுபடி ஜீப் வந்தது. அறிவரசன் குறுவாளை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, கோப்பையும் பார்த்தார்.

"கவர்மெண்ட் ரெக்கார்டுபடி பொருள் முழுக்கக் களிம்பு. இங்க ஒரு புள்ளிதான் இருக்கு. மீதி எங்க?"

வைரக்கண்ணு ராஜவேலைப் பார்த்தார். ராஜவேல் தரையைப் பார்த்தார்.

"துடைக்கலன்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. அதனால எங்க ஆபீஸ் மேல தப்பு இல்ல. பொருள் உங்க கஸ்டடியில இருக்கு, களிம்பு குறையுது. முப்பது நாளுக்குள்ள களிம்பைப் பழைய நிலைக்குக் கொண்டாரணும். இல்லன்னா பொருளை மறுபடி ஆபீஸ் காவலுக்கு எடுக்க வேண்டி வரும்."

"பீரோவுக்கா?"

"பீரோவுக்குத்தான்."

வைரக்கண்ணு வாதாடவில்லை. ஃபிட்டருக்கு ஒரு வேலையைக் கொடுத்தால், அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றுதான் முதலில் யோசிப்பார். ஒரு தாளை எடுத்து, களிம்பு பூக்கும் முறையையும் வேகத்தையும் விளக்கி, பழைய நிலைக்கு வர மூவாயிரம் ஆண்டுகள் அவகாசம் வேண்டும் என்று எழுதி நீட்டினார்.

அனுசுயா படித்தார். முழுவதும் படித்தார்.

"மூவாயிரம் வருஷம் மொத்தமா தர முடியாதுங்க. விதிப்படி ஒரு மனுவுக்கு முப்பது நாளுதான் அவகாசம். ஆனா முடிய முடியப் புது மனு குடுத்தா நீட்டிச்சுக்கிட்டே இருக்கலாம். எத்தனை தடவைன்னு விதியில வரம்பு இல்ல."

"அதுவரைக்கும் யாரும் துடைக்க மாட்டாங்களே?"

"மனு நிலுவையில இருக்கறப்ப யாரும் தொடவே முடியாதுங்க."

அவர்கள் போன பிறகு வைரக்கண்ணு கணக்குப் போட்டார். முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு மனுக்கள். ஒன்று கொடுத்தாகிவிட்டது. மறுநாள் செந்துறைக்குப் போய் ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்கி வந்தார். குறுவாளைச் சமையலறை ஜன்னலில் பழையபடி வைத்தார். ரத்தினம்மாள் அதன் பக்கத்தில், உரித்தும் உரிக்காமலும், நாலு சின்ன வெங்காயத்தைப் போட்டார்.